கல்லமேட்டு ஆமையும் மும்பை ஆமையும்

அரியலூர்ப் பக்கமிருந்து மாட்டுங்காவுக்கு என் அப்பா காலத்தில் வந்த குடும்பம் எங்களுடையது. “தாத்தா, நம்ம ஊரு அரியலூரா, மும்பையா?” என்று ஒருநாள் பேரன் கேட்டான். பதிலுக்கு இந்த ஆமைக் கதையைச் சொன்னேன்.

நாம் பார்க்கிற ஆமை தலையை நேரே உள்ளிழுக்கும். பக்கக்கழுத்து ஆமையோ கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, ஓட்டு விளிம்பின் கீழ் ஒதுக்கிக்கொள்ளும். அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டில் கிடைத்த அத்தகைய ஆமைக்கு 2001இல் காஃப்னி, சட்டர்ஜி, ருத்ரா மூவரும் ‘கூர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ்’ என்று பெயரிட்டார்கள். கூர்மம் என்றால் ஆமை. பின்பாதி நம்ம ஊர்ப் பெயர்! 2003இல் காஃப்னியும் அசோக் சாஹ்னி முதலியோரும் மும்பை எரிமலைப் பாறைகளின் இடைப்படிவில் கிடைத்த ஆமைக்கு ‘சங்குகெமிஸ்’ என்று பெயர் வைத்தனர். மண்டையோட்டு அமைப்பை ஒப்பிட்டால் இரண்டும் நெருங்கிய உறவு. கல்லமேட்டு ஆமை ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முந்திய, டைனோசர்களின் கடைசிக் காலத்தது.

மூன்றாவது சொந்தம் மடகாஸ்கரில்! அங்கே கிடைத்த ‘கின்கோனிகெலிஸ்’ 2009இல் பெயர் பெற்றது. அதன் முன்னோர் கடல் நீந்தியிருக்க வேண்டியதில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்து, சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிந்தன. நிலம் விலகியது; உறவு எலும்பில் நின்றது.

இன்று மடகாஸ்கரில் பக்கக்கழுத்து ஆமைகள் வாழ்கின்றன. இந்தியக் காடு, ஆறுகளில் ஒன்றுகூட இல்லை. கல்லமேட்டிலும் மும்பையிலும் கல்லானவைதாம் சாட்சி.

“அப்ப ரெண்டு ஊரும் சொந்தம்தானே?” என்றான் பேரன்.

“ஆமாண்டா.”

“கல்லமேட்டுக்கு எப்பப் போறோம்?”

கோடை விடுமுறைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.