சகடமும் கூடாரமும்

பத்துப்பாட்டுள் நான்காவதாக வைத்து எண்ணப்படுவது பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது அந்நூல். பரிசில் வேண்டி வழிநடக்கும் பாணன் அதில் காணும் காட்சிகளுள் ஒன்று, உப்பு வணிகராகிய உமணர்தம் வண்டிகளின் நீண்ட வரிசை. புலவர் அவ்வண்டியை ஒரு வீடாகவே காட்டுகிறார். அதன் கூரை, தினைப்புனத்தில் யானையை விரட்டக் காவலிருப்போர் குடிலை ஒத்தது. வாயிலில் கோழிக்கூடு, பக்கத்தில் சிறிய உரல் தொங்குகிறது, காடி நிறைந்த கலத்தைக் கயிற்றால் இறுகக் கட்டியிருக்கிறார்கள். எருதுகளை ஓட்டுபவள் குழந்தையை உடைய தாய். ஆடவர் உடன் நடந்து வருகின்றனர்.

குடும்பத்தையும் அடுக்களையையும் ஏற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் செல்லும் வண்டி இது. சிறுபாணாற்றுப்படையில் உமணரோடு வந்த மந்தியொன்று அவர்கள் பிள்ளைகளோடு, கிளிஞ்சிலுக்குள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பை ஆடுகிறது. வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு செல்லும் உமணர் வழக்கத்தை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்கினார். இன்று சிற்றுந்தின் பின்புறத்தில் கிடக்கும் மாற்றுச் சக்கரத்துக்கு முன்னோடி அதுவே.

இன்பத்துக்காகவே வண்டியில் குடியிருந்து ஊர் சுற்றும் வழக்கம் மேனாட்டில் மிகப் பிந்தியது. 1885ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர்க்காக பிரிஸ்டல் நகரில் செய்யப்பட்ட குதிரை வண்டியையே இவ்வகையில் முதலாவதாகச் சொல்வர். உமணர் வயிற்றுப்பாட்டுக்காகச் சென்றவர். ஸ்டேபிள்ஸ் பொழுதுபோக்குக்காகச் சென்றவர். இவ்வேறுபாட்டை மறைத்து, எல்லாம் நம்மிடமிருந்தே சென்றன என்று பெருமை பேசுவது வரலாறு ஆகாது. ஆயினும் குடும்பத்தைப் பிரியாமல் வழியில் தங்கி வாழ்வது தமிழர்க்குப் புதிதன்று என்பதை மட்டும் ஐயமின்றிக் கூறலாம்.

கூடாரத்தின் வரலாறு வேறு. முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் பாசறையில் அரசனுக்குத் துணியால் ஆகிய மனை உண்டு. யவனர் காவல் செய்கின்றனர். நாழிகை அறிந்து சொல்வோர் இருக்கின்றனர். வாள் தாங்கிய பெண்கள் விளக்கை அணையாமல் காக்கின்றனர். இத்தனையும் இருந்தும் அரசனுக்கு உறக்கம் இல்லை. வீட்டில் மனைவி தனித்திருக்கிறாள். பாசறை என்பது பிரிவின் இடம். சகடமோ குடும்பத்தின் இடம். சிங்கப்பூரில் தமிழர் 'முகாம்' என்னும் ஒரே சொல்லால் இவ்விரண்டையும் குறித்து வருகின்றனர். அச்சொல்லின் பின்னே இந்தத் தீவில் நிகழ்ந்தவை பல.

இங்கும் முதலில் வந்தது சகடமே. மலாய் மொழியில் கிரேத்தா ஆயர் என்றால் தண்ணீர் வண்டி. பழைய நகருக்கு மாட்டு வண்டிகளில் குடிநீர் சென்ற காலத்தின் சுவடு அப்பெயர். சிராங்கூன் சாலைப் பகுதியோ மாடுகளாலேயே வளர்ந்தது. எருமைக் கொட்டில் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ், அதனை அடுத்த பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, பசுவின் பெயர் தாங்கிய லெம்பு சாலை ஆகியவற்றை இன்றைய லிட்டில் இந்தியாவில் நடப்பவர் ஒரு மணி நேரத்தில் கண்டு முடிக்கலாம். பெலிலியோஸ் சாலைக்குப் பெயர் தந்தவரும் கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு யூத மாட்டு வணிகரே. மாடு மேய்த்தவரும் வண்டி ஓட்டியவரும் பெரும்பாலும் இந்தியர். ஆனால் அவ்வண்டிகளில் உரலும் இல்லை, கோழிக்கூடும் இல்லை. ஆடவர் தனியே கடல் கடந்து வந்தனர். பெண்டிரும் பிள்ளைகளும் ஊரில் இருந்தனர். வண்டி சரக்கை ஏற்றியது. வண்டிக்காரர் கூட்டாகத் தங்கும் கொட்டகைகளில் உறங்கினார். குடும்பங்கள் பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. இதனை நினைவிற் கொள்ளாமல் சிங்கப்பூர்த் தமிழரின் ஓய்வுக்கால வழக்கங்களை ஆராய்வோர் வழி தவறுவர்.

அப்போரே 'முகாம்' என்னும் சொல்லை இங்குள்ள தமிழர் நெஞ்சில் ஆழப் பதித்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, சிராங்கூன் சாலைக்கு மிக அருகில் உள்ள ஃபேரர் பூங்காவில் ஏறத்தாழ 45,000 இந்தியப் படைவீரர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. கேப்டன் லட்சுமியின் தலைமையில், அதற்கு முன் வீட்டு வாயிலைத் தாண்டாத பெண்கள் பலர் அங்கே துப்பாக்கி ஏந்தப் பழகினர். அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை நெடுகிலும் மூங்கிற் கொட்டகை முகாம்கள். வாந்திபேதியிலும் பட்டினியிலும் அங்கே மாண்டவர் தொகை பல்லாயிரம். அக்காலத்தைக் கண்டவர்க்கு 'முகாம்' என்ற சொல் விடுமுறையை நினைவூட்டியிருக்க முடியாது.

போருக்குப் பின்னர் அச்சொல்லின் கடுமை மெல்லக் கரைந்தது. பள்ளிகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. சாரணர் இயக்கம் 1910ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் தோன்றியிருந்தது. நாடு விடுதலை பெற்ற பின், இளைஞர்க்கு உடலுறுதியும் மனவுறுதியும் வேண்டும் என்னும் நோக்கத்தோடு, டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியால் 1967ஆம் ஆண்டில் புலாவ் உபின் தீவில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி தொடங்கப்பட்டது. கயிறு ஏறவும் தோணி வலிக்கவும் கூடாரம் அடிக்கவும் மாணவர் கற்றனர். இங்கேயும் ஒன்று கருதத்தக்கது. இம்முகாம்கள் பாசறையின் வழிவந்தவை. பிள்ளை வீட்டைப் பிரிந்து சென்று பழக வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை. தாய் தந்தையர்க்கு இவற்றில் இடமில்லை.

குடும்பம் முழுவதும் கூடாரத்தில் தங்கும் வழக்கத்துக்கு வேறொரு காரணம் நேர்ந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டில் அமைந்தது. அடுத்த 30 ஆண்டுகளுக்குள் கம்பங்களில் வாழ்ந்தோர் பெரும்பாலும் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். 1966ஆம் ஆண்டில் கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கும் பெரும்பணி தொடங்கியது. பெடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அம்மண்ணை நகரும் பட்டைகளின் வழியாகக் கடலுக்குள் கொண்டு கொட்டினர். ஏறத்தாழ 1,500 ஹெக்டேர் நிலம் புதிதாகப் பிறந்தது. கரையோரக் கம்பங்களுக்குக் கடல் தொலைவாயிற்று. அப்புது நிலத்தின் விளிம்பில் எழுந்ததே கிழக்குக் கடற்கரைப் பூங்கா. ஆகவே அங்கே கூடாரத்தின் முளை இறங்குவது பழைய கடற்கரையில் அன்று, கரைக்கப்பட்ட குன்றின் மண்ணில்.

தமிழ்நாட்டிலோ மலேசியாவிலோ விடுமுறை வந்தால் தாத்தா வீட்டுக்குப் போகலாம். பேருந்தில் ஏறினால் ஊர் இருக்கிறது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கு அத்தகைய ஊர் உள்நாட்டில் இல்லை. தாத்தாவும் நான்கு நிறுத்தம் தள்ளி இன்னொரு அடுக்குமாடியில்தான் இருக்கிறார். பள்ளி விடுமுறையில் கடற்கரையில் கூடாரம் அடித்து, அண்ணன் தம்பி குடும்பங்கள் பாயும் பானையுமாக ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கும் வழக்கம் அந்தக் குறையை ஒருவாறு நிரப்பிற்று. இதில் மலாய்க் குடும்பங்களே முன்னிற்கின்றன என்பது கடற்கரைக்குச் செல்வோர் அறிந்ததே. கடலோரக் கம்பங்களை இழந்தவர்களுள் அவர்கள் மிகுதி என்பதையும் சேர்த்து எண்ணினால் காரணம் விளங்கும். தமிழ்க் குடும்பங்களோ கூடாரத்தைவிடக் கடலோர விடுதியறைகளையே பெரிதும் நாடின. அரசு ஊழியர்க்குச் சாங்கியிலும் லோயாங்கிலும் விடுமுறை இல்லங்கள் இருந்தன. பாசிர் ரிஸ்ஸில் தொழிற்சங்கக் காங்கிரசின் உல்லாச விடுதி 1988ஆம் ஆண்டில் வந்தது. 'ஷாலே' எடுப்பது என்னும் பேச்சு வழக்கு இங்கே பிறந்து, பிள்ளையின் பிறந்தநாள், உறவினர் கூடல், மசாலா தடவிய கோழியைக் கரியடுப்பில் வாட்டுதல் ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கிக் கொண்டது.

வீட்டு வண்டி மட்டும் இத்தீவில் வேரூன்றவில்லை. கிழக்கிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டருக்கு மேல் நீளமில்லாத நாட்டில் வண்டியில் உறங்கவேண்டிய தொலைவு ஏது? 1990ஆம் ஆண்டு முதல் வாகன உரிமைச் சான்றிதழும் வாங்க வேண்டியிருப்பதால், சாதாரணச் சிற்றுந்தே பலருக்கு எட்டாக் கனி. வாகனம் உடைய குடும்பங்கள் 1924ஆம் ஆண்டில் முறையாகத் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து மலாக்காவுக்கும் பத்துமலைக்கும் கேமரன் மலைக்கும் செல்கின்றன. அதற்கும் 1991ஆம் ஆண்டு முதல் எரிபொருட் கலத்தில் முக்கால் பங்கு நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது சட்டம்.

கூடாரத்துக்கும் சட்டம் உண்டு. பெருநிலத்துப் பூங்காக்களில் இரவு தங்குவோர் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பெறவேண்டும். குறிக்கப்பட்ட பகுதியில் மட்டுமே தங்கவேண்டும். மாதத்தில் இத்தனை இரவுக்கு மேல் கூடாது. இக்கட்டுப்பாட்டுக்குத் தூய்மையும் ஒழுங்கும் மட்டுமே காரணம் என்று கொள்வது குறைபட்ட பார்வை. வீட்டை விற்றோ, வாடகை கட்ட இயலாமலோ, உறவோடு பிணங்கியோ கடற்கரைக் கூடாரத்தில் மாதக்கணக்காக வாழ்ந்த குடும்பங்கள் இந்நாட்டிலும் இருந்தன. பிள்ளைகள் அங்கிருந்தே பள்ளிக்குச் சென்ற செய்திகளும் வந்தன. 2019ஆம் ஆண்டில் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியினர் வெளியிட்ட ஆய்வு, சிங்கப்பூரில் வெளியிடங்களில் உறங்குவோர் 921 முதல் 1,050 பேர் வரை இருக்கலாம் எனக் கணக்கிட்டது. விடுமுறைக்கு வந்த குடும்பத்தின் கூடாரமும், போக இடமில்லாத குடும்பத்தின் கூடாரமும் தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு ஒன்றே. அனுமதிச் சீட்டில் எழுதிய நாள் முடிந்த பின்பே வேற்றுமை தெரிகிறது. முன்னவர் முளையைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். பின்னவர்க்கு அதிகாரிகள் இடைக்காலத் தங்குமிடம் தேட வேண்டியதாகிறது. அவ்வேலை பூங்காக் காவலரோடு முடிவதில்லை, சமூகநலத் துறைவரை செல்கிறது.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயின்போது பூங்காக்களில் கூடாரமடிப்பது நிறுத்தப்பட்டது. பின்னர் மீண்டும் இடம் திறந்தபோது மக்கள் திரும்பி வந்தனர். கிழக்குக் கடற்கரை, பாசிர் ரிஸ் ஆகியவற்றோடு, சாங்கி முனையிலிருந்து படகேறிச் செல்லும் புலாவ் உபினிலும் ஜெலுத்தோங், மாமாம், எண்டுட் செனின் என மூன்று இடங்கள் இதற்கென உள்ளன. உபினில் மின்விளக்குகள் குறைவு. இரவில் காட்டுப்பன்றிகள் உணவைத் தேடி வரும். அங்கே தங்குவோர் சோற்றுப் பானையை இறுக மூடி, உயரத்தில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. உமணர் தம் காடிக் கலத்தைக் கயிற்றால் பிணித்தது போல.