வேப்பிலைக்கு அடங்காத பேய்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்றனர் முன்னோர். மறுபிறப்பு எய்தியோரை வாழ்த்தினர். எய்தாது மாண்டோரை எண்ணியவர் யார்? நிறைமாதக்காரிக்குத் தாங்கொணாத் தலைவலி; கண் மங்கல்; முகத்திலும் கையிலும் வீக்கம். திடீரென உடல் விறைத்துத் துடிக்கும், பல் கிட்டும், நினைவு தப்பும். "பேய் பிடித்துவிட்டது!" என்றனர். வேப்பிலை வந்தது, உடுக்கை வந்தது, மந்திரவாதி வந்தான், உயிர் போயிற்று. பழியை விதியின் தலையில் சுமத்தினர்!

அந்தப் பேயின் முகத்திரையைக் கிழித்தது அறிவு. 1843-ல் இலண்டன் மருத்துவர் ஜான் லீவர், வலிப்புக் கண்ட தாய்மாரின் சிறுநீரைச் சோதித்தார். அதில் புரதம் கண்டார். 1896-ல் இத்தாலியரான ரிவா-ரோச்சி, கையில் பட்டை கட்டிக் குருதியின் அழுத்தத்தை அளக்கும் கருவியைத் தந்தார். அளந்தனர், உண்மை வெளிப்பட்டது. வலிப்போடு கூடி வருவது இரத்தக் கொதிப்பு!

இது எங்கோ ஒருத்திக்கு வரும் அரிய நோயா? அன்று! கருவுற்ற 100 பெண்களில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஊரப்பாக்கத்தின் ஒவ்வொரு தெருவும் இக்கணக்கில் அடங்கும். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 46,000 தாய்மார் இதற்குப் பலியாகின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஊரப்பாக்கத்தில் மின்ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். 1844-ல் தோன்றிய அரசு மகப்பேறு மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. வலிப்பு நோய்க்கு உலகம் மருந்து தேடிய நாளில், அங்குப் பணியாற்றிய பேராசிரியர் கிருஷ்ண மேனன், குளோர்ப்ரோமசைன், புரோமெத்தசைன், பெத்திடின் என்னும் மூன்று மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறையை வகுத்தார். 1961-ல் அதனை மகப்பேறு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். பல்லாண்டுக் காலம் இந்திய மருத்துவமனைகள் அம்முறையைக் கையாண்டன. தமிழகம் பெருமை கொள்ளத்தக்க செய்தியன்றோ!

ஆயினும், அறிவு அத்துடன் உறங்கிவிடவில்லை. 1995-ல் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில், 1,600-க்கு மேற்பட்ட தாய்மாரிடையே நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட், ஊசி வழியே செலுத்தப்படும்போது, அந்நாளில் வழங்கிய வேறு இரு மருந்துகளைவிட நன்றாக வலிப்பைத் தடுத்தது. மேனன் முறையோடு ஒப்பிட்ட சோதனைகளிலும் உப்பே வென்றது. 2002-ல் 33 நாடுகளில் நடந்த ஆய்வு, வலிப்பு வருமுன்பே அதைக் கொடுத்தால் ஆபத்து பாதிக்குமேல் குறைகிறது என்று மெய்ப்பித்தது.

நம் மருத்துவமனை தந்த முறையாயிற்றே என்று எவரும் அழுதாரில்லை. 'முன்னோர் வாக்கு' என்று முரண்டு பிடித்தாரில்லை. சிறந்தது வந்தது, பழையது விடைபெற்றது. இதுவன்றோ அறிவியலின் மாண்பு! வேப்பிலை அடித்தவன் என்றேனும் தோல்வியைக் கணக்கிட்டதுண்டா?

தோழர்களே! மருந்து உண்டு, ஆனால், காலத்தில் கண்டால்தான் அது காக்கும். தொடக்கத்தில் இந்நோய் சத்தமின்றி வரும்; 140/90 என்னும் அளவை எட்டிய பின்னும் பெண் நலமாகவே நடமாடக்கூடும். இருபது வாரம் கடந்தபின் விழிப்பு இருமடங்கு வேண்டும். அந்த நாட்களில்தானே வளைகாப்பு நடத்துகிறோம்! வளையல் அடுக்குங்கள், மகிழுங்கள். ஆனால், அந்தக் கையில் அளவுப் பட்டையைக் கட்டிப் பார்த்தாயிற்றா, சிறுநீரைச் சோதித்தாயிற்றா என்று கேளுங்கள். கேட்கும் ஒரு கேள்வி, இரண்டு உயிரைக் காக்கும்!