கணக்கு எழுதிய கை



காஞ்சியிலிருந்து வேலூர்ச் சாலை வழியே மேற்கே செல்வோர் தாமல் ஏரியைக் காணாமல் கடக்க இயலாது; சாலையை ஒட்டியே அதன் கரை நெடுந்தூரம் உடன் வரும். தொண்டை மண்டலத்தின் பழைய கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த அவ்வூரே என் ஊர். அங்கிருந்து காஞ்சிக்குச் சென்று வரலாறு கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் யான். ஆண்டுதோறும் மாணவரை உத்தரமேரூருக்கு அழைத்துச் சென்று, வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைக் காட்டுவது என் வழக்கம்.

குடவோலை என்றவுடன் நீங்கள் சொல்லத் தொடங்குவீர்கள்: முப்பது குடும்புகள், ஓலைச் சீட்டுகள், குடத்திலிருந்து சீட்டெடுக்கும் சிறுவன், விரித்த உள்ளங்கையில் அதனைப் பெற்று உரக்கப் படிக்கும் மத்தியஸ்தன். நன்று, தேர்வில் மதிப்பெண் தருவது அதுவே. யானும் பல்லாண்டு அதனோடு நிறுத்திக்கொண்டவனே. ஆனால் அந்தச் சுவரில் நான் விரைந்து கடந்து சென்ற சில வரிகள் உண்டு. இன்று பேச எடுத்துக்கொண்டது அவற்றைப் பற்றியே.

919-ஆம் ஆண்டில் தத்தனூர் மூவேந்தவேளான் என்னும் அரசு அலுவலர் உடனிருக்க ஊர்ச்சபை ஒரு விதி செய்தது. இரண்டே ஆண்டுகளில், 921-இல், அது திருத்தி எழுதப்பட்டது. முதல் விதியில் ஓட்டைகள் இருந்திருக்க வேண்டும். இல்லையேல் இவ்வளவு விரைவில் திருத்துவார்களா? வாரியத்தில் அமர விரும்புவோனுக்கு நிலமும், சொந்த மனையில் வீடும், கல்வியும் இருந்தால் மட்டும் போதாது. பொருள் ஈட்டிய வழியும் தூயதாயிருத்தல் வேண்டும். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைச் சீட்டில் எழுதலாகாது. அவன் மட்டுமா? அவன் சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தார் என உறவுமுறை நீண்டு செல்கிறது. ஏனென்று எண்ணிப் பாருங்கள். தான் விலக்கப்பட்டவன் மைத்துனன் பெயரில் மீண்டும் நுழைவான் என்பதை அந்தச் சபையார் அறிந்திருந்தனர். பிறர் பெயருக்குப் பின்னால் மறையும் தந்திரம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று.

இறுதிப் பகுதியில் கணக்கனைப் பற்றிய விதி வருகிறது. அறநெறியில் பொருளீட்டியவனையே ஊர்க்கணக்கு எழுத அமர்த்த வேண்டும். ஒருமுறை எழுதியவன், தன் கணக்கைப் பெருமக்களிடம் காட்டித் தூயவன் எனப்பட்ட பின்னரே மறுமுறை எழுதலாம். அவன் எழுதியதை அவனே ஒப்புவிக்க வேண்டும்; வேறொரு கணக்கன் புகுந்து ஒப்புவிக்கலாகாது. திருடியவனைத் தண்டிக்கும் விதி எந்நாட்டிலும் உண்டு. எழுதியவனையும் பொறுப்பாக்கிய விதியே இங்கு அருமையானது.

இனி ஆயிரத்து நூறு ஆண்டுகளைத் தாண்டி வருவோம். குற்றத்தால் வந்த பணத்தை நேர்மையான பணம்போல் தோன்றச் செய்வதைப் பணச்சலவை என்கிறோம். கைக்கூலியாகப் பெற்றவன் அதனை நேரே வங்கியில் இட இயலாது. ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்வான், ஓர் அறக்கட்டளையைத் தொடங்குவான், நிலம் வாங்குவான். இவற்றுள் எதனையும் அவன் தன் கையால் செய்வதில்லை. பட்டயக் கணக்கர் வேண்டும், நிறுவனச் செயலர் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும். கற்றவர் உதவியின்றிக் கறுப்புப் பணம் வெளுப்பதில்லை. 1989-இல் பாரிசில் கூடிய ஏழு செல்வ நாடுகள் இதற்கென ஒரு பன்னாட்டுப் பணிக்குழுவை அமைத்தன. அக்குழு 2003-இல் தன் பரிந்துரைகளை வழக்கறிஞருக்கும் கணக்கருக்கும் விரித்தது. இந்தியா 2010-இல் அதன் உறுப்பாயிற்று.

நம் நாட்டின் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடைச் சட்டம் 2002-க்குரியது. நடைமுறைக்கு வந்தது 2005 ஜூலை 1-இல். முதலில் வங்கி முதலானவையே அறிக்கை தரும் கடமைக்கு உட்பட்டிருந்தன. 2023 மே 3-இல் மைய அரசு வெளியிட்ட அறிவிக்கையால் பட்டயக் கணக்கர், அடக்கவிலைக் கணக்கர், நிறுவனச் செயலர் ஆகியோரும் அதற்குள் வந்தனர். கட்சிக்காரருக்காக அசையாச் சொத்து வாங்கி விற்றால், அவர் பணத்தையோ வங்கிக் கணக்கையோ கையாண்டால், நிறுவனம் அமைத்து நடத்தினால், உண்மை உரிமையாளர் யாரென அறிந்து, பதிவேடுகளை 5 ஆண்டு காத்து, ஐயத்துக்குரியவற்றை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவித்தல் வேண்டும். வழக்கறிஞரை அந்த அறிவிக்கை பெயர் சுட்டிச் சேர்க்கவில்லை. கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் வெளியிடலாகாது என்பது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த நெறி. அதனிடத்தில் வந்த புதிய சட்டத்திலும் தொடர்வது. ஆயினும் சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அறிந்தே துணைபோனவன் வழக்கறிஞனாயினும் குற்றவாளியே.

என் பழைய மாணவர் ஒருவர் காஞ்சியில் கணக்காய்வாளர். அந்த அறிவிக்கை வந்த சில நாட்களில் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். "ஐயா, நம்பி வந்தவரைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனாக என்னை ஆக்குகிறார்களே, இது நியாயமா?" என்றார். எளிதில் தள்ளக்கூடிய வினா அன்று. அரசுக்கு அஞ்சி மக்கள் உண்மை சொல்லாதொழிந்தால் நல்ல ஆலோசனைக்கும் இடமிராது. சிற்றூரில் தனித்துத் தொழில் செய்பவருக்கு இந்தப் பதிவேடுகள் சுமையே என்பதையும் ஒப்புக்கொண்டேன். ஆனால் கணக்கன் தன் கட்சிக்காரனுக்கு நாவாக இருக்கலாம். திரையாக இருக்கலாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருக்குக் கல்வெட்டைச் சொன்னேன். அவர் சிரித்து, "பாடத்தில் தாங்கள் இதைச் சொல்லவில்லையே" என்றார். சொல்லவில்லைதான்.

அப்போது நான் அவரிடம் மறைத்த ஒன்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பணியிலிருந்த காலத்தில், அறிந்தவர் ஒருவர் வேண்ட, ஒரு நில விற்பனைப் பத்திரத்தில் சாட்சிக் கையொப்பமிட்டேன். வாங்குபவராகப் பெயர் கண்டிருந்தவர் கூலிக்குப் பட்டு நெய்பவர். எனக்கு நன்கு தெரிந்தவர். தறியில் நாளெல்லாம் அமர்ந்து கூலி பெறும் ஒருவருக்கு அத்தனை ஏக்கர் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. தலைமையாசிரியர் கையொப்பம் என்றால் மதிப்பு உண்டு. அந்த மதிப்புக்காகவே என்னை நாடினர் என்பதும் அன்று விளங்கவில்லை. பினாமிச் சட்டம் 1988-லிருந்தே இருந்தது. 2016 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கு வந்து வலுப்பெற்றது. அதன் பின்னர் அந்த நெசவாளிக்கு அறிவிப்பு வந்தது. பணம் கொடுத்தவரைக் காணோம். பெயர் கொடுத்தவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயிலில் நின்றார். "ஐயா, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றுதான் நானும் போட்டேன்" என்றார்.

மறுவாரம் அவரோடு அலுவலகத்துக்குச் சென்றேன். எனக்காகப் பேச வழக்கறிஞர் ஒருவரை அனுப்பலாம் என்று உறவினர் சொன்னதை ஏற்கவில்லை. வாங்கிய பணம் யாருடையது என்று விசாரித்தீர்களா என்று அலுவலர் கேட்டார். இல்லை என்று என் கையாலேயே எழுதி, கீழே கையொப்பமிட்டேன்.