எல்லையை மாற்றும் அதிகாரம்: 1956 ஒழுங்குமுறையின் 3-ஆம் பிரிவும் பெரிய நிக்கோபாரும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நிலம், நகரமைப்புச் சட்டங்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஓரிடத்திலேயே வந்து நிற்கின்றன: இங்கே சட்டமன்றம் இல்லை, அரசமைப்பின் 240-ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஒழுங்குமுறையே சட்டம், எனவே கோளாறு சட்டம் பிறக்கும் இடத்தில்தான் இருக்கிறது. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், துறைமுகம் உள்ளிட்ட பெரிய நிக்கோபார் தீவு வளர்ச்சித் திட்டத்துக்குக் கேட்கப்பட்ட 166.10 சதுர கிலோமீட்டரில் 84.10 பழங்குடியினருக்கு ஒதுக்கிய நிலம். அதை விடுவிக்கப் புதிய சட்டம் எதுவும் முன்மொழியப்படவில்லை. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் ஓர் அறிவிக்கையே போதும் என்று கருதப்பட்டது. ஆகவே, பழைய சட்டத்தை எப்படி வாசிக்கிறோம் என்பதே முதன்மையான கேள்வி என்பது என் கருத்து.

பழங்குடியினர் மிகுதியாக வாழும் பகுதியை ஒதுக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கலாம், அதே முறையில் அதன் எல்லைகளை அவ்வப்போது மாற்றலாம் என்கிறது 3-ஆம் பிரிவு. 'மாற்றலாம்' என்பதை நிர்வாகத்தின் விருப்புரிமையாகக் கொள்வதே வழக்கமான வாசிப்பு. பொதுச் சொற்பொருள் விதிகள் சட்டத்தின் (1897) 21-ஆம் பிரிவும் அதற்குத் துணையாகக் காட்டப்படுகிறது. ஆனால் அந்த 21-ஆம் பிரிவு, அறிவிக்கும் அதிகாரத்துக்குரிய அதே நிபந்தனைகளோடுதான் திருத்தும் அதிகாரத்தைத் தருகிறது. 3-ஆம் பிரிவில் உள்ள நிபந்தனை 'மிகுதியாக வாழும்' என்ற சொற்றொடர். மக்கள் வாழ்வது தொடரும் வரை எல்லையைச் சுருக்க இடமில்லை. துறைமுகம் தேவை என்பது நிலத்தில் யார் வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு விடையாகாது.

அந்தமானின் ஜாரவா பழங்குடியினர் தொடர்பான வழக்கு இந்த வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. 2007-இல் ஜாரவா ஒதுக்கிடத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் காப்பு வளையம் அறிவிக்கப்பட்டபோது, 1956 ஒழுங்குமுறையில் அதற்கு அதிகாரம் இல்லை என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. வளையத்துக்கு இடமளிக்க 2012-இல் ஒழுங்குமுறையையே திருத்த வேண்டியிருந்தது. பாதுகாப்பைக் கூட்டும்போது இவ்வளவு குறுக்கி வாசிக்கப்பட்ட அதிகாரம், அதைக் குறைக்கும்போது மட்டும் எப்படி விரியும்? இந்தச் சமச்சீரின்மையை முந்தைய ஆய்வுகள் கண்டுகொள்ளவில்லை.

1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பெரிய நிக்கோபாரின் கேம்பெல் விரிகுடாப் பக்கம் குடியேற்றப்பட்டதை, நிலத்தை விடுவிப்பதற்கு முன்னுதாரணமாகக் காட்டுவோர் உண்டு. ஒருமுறை நடந்தது சட்டப்படி சரியாக நடந்தது என்று ஆகாது. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு இடம் தரத் தேவையில்லை. விடுவிப்பதற்கு ஈடாக வேறு நிலத்தைச் சேர்த்து ஒதுக்குவோம் என்பதும் பரப்பளவுக் கணக்கு மட்டுமே. பிரிவு கேட்பது வாழ்விடத்தை.

எஞ்சுவது 'வாழ்தல்' என்ற சொல். இங்கு நான் சற்றுத் தயங்கியே எழுதுகிறேன். 1956-இல் வரைவாளர்கள் எதை மனத்தில் கொண்டார்கள் என்று உறுதியாகச் சொல்வது கடினம். ஆனாலும் வீடு, கதவிலக்கம், வரிச்சீட்டு ஆகியவற்றை அவர்கள் எண்ணியிருக்க முடியாது. 2011 கணக்கெடுப்பில் 229 பேராக இருந்த, பெரிய நிக்கோபாரின் பழங்குடியினரான ஷோம்பென்கள் காட்டுக்குள் இடம் மாறிக்கொண்டே வாழ்பவர்கள். தாழையினத்து மரம் ஒன்றின் பெரிய பழமே, வேகவைத்துச் சதை பிரித்தெடுக்கப்பட்டு, அவர்களின் முதன்மை உணவாகிறது. அந்த மரங்கள் நிற்கும் இடமெல்லாம், ஆள் இல்லாத மாதங்களிலும், அவர்கள் வாழிடம்தான்.

அத்தீவின் மற்றொரு பழங்குடியினரான நிக்கோபாரியரின் நிலை இன்னும் கூர்மையானது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவர்கள் தங்கள் கடலோர ஊர்களிலிருந்து ராஜீவ் நகர், நியூ சிங்கென் ஆகிய குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். திட்டத்துக்கு 2022 ஆகஸ்டில் தந்த தடையில்லாச் சான்றை அவர்களின் பழங்குடி மன்றம் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது. திரும்ப விடாமல் வைத்திருக்கும் ஊர்களைக் காட்டி, அங்கு எவரும் வாழவில்லை என்று 3-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கும் தகுதி, அவர்களை அங்கிருந்து கொண்டுவந்த அதே நிர்வாகத்துக்கு இல்லை.