சுஹைலி: ஒரு படகின் கதையும் என் பழைய கடனும்



புவியியல் வகுப்பில் காற்றுகள் பாடம் நடத்தும்போது போர்டில் உலக உருண்டை வரைந்து, தெற்கே 40 டிகிரிக்கு நேரே ‘கர்ஜிக்கும் நாற்பதுகள்’ என்று எழுதுவேன். நினைவிருக்கிறதா? ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, “அந்தக் காத்துல சின்னப் படகுல யாராவது தனியாப் போயிருக்காங்களா சார்?” என்று கேட்டான். “பரீட்சைக்கு வராததைக் கேட்காதே, உட்கார்” என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். உண்மை என்னவென்றால், எனக்கு விடை தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். போயிருக்கிறார்கள். அதில் ஒரு படகு நம் மும்பையில் கட்டியது!

படகின் பெயர் சுஹைலி. அரபிக்கடல் மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு வழங்கும் பெயர். 1960களில் ஒரு கப்பல் கம்பெனியில் அதிகாரியாக மும்பை வந்துபோய்க்கொண்டிருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய இளைஞர், தம்பியோடும் நண்பரோடும் சேர்ந்து படகு கட்ட நினைத்தார். இங்கிலாந்திலிருந்து வரைபடம் வரவழைத்தார்கள். வந்ததோ வேறு படகின் வரைபடம், அதுவும் பழையது. திருப்பி அனுப்பி மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. சரி, இதையே கட்டுவோம் என்று இறங்கிவிட்டார்கள்.

அந்தப் பழைய வரைபடம் 1920களில் அமெரிக்கரான வில்லியம் அட்கின் வரைந்த ‘எரிக்’. அதற்கும் மூலம் நார்வேயில் இருக்கிறது. புயலில் சிக்கும் மீனவர்களைக் காப்பாற்ற காலின் ஆர்ச்சர் என்பவர் 1890களில் வடிவமைத்த மீட்புப் படகுகள்தான் அது. முன்பக்கம் போலவே பின்பக்கமும் கூர்மை. பின்னாலிருந்து வரும் பேரலையைப் பிளந்து அனுப்பும். அடியில் நீளமான, கனமான அடிக்கட்டை. எளிதில் திசை மாறாது. வேகம் குறைவுதான். ஆனால் பத்திரம்.

மும்பைத் தச்சர்கள் தேக்கு மரத்தை வாச்சியால் செதுக்கி, கயிறு சுற்றி இழுக்கும் துறப்பணத்தால் துளை போட்டுக் கட்டினார்கள். நீளம் 32 அடி, இரண்டு பாய்மரம். 1964 டிசம்பரில் தேங்காய் உடைத்து நீரில் இறக்கினார்கள். பிறகு ராபின் தென்னாப்பிரிக்கா சுற்றி அதை இங்கிலாந்துக்கே ஓட்டிக்கொண்டு போனார்.

1968இல் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது: தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்ற வேண்டும். ராபினுக்குப் புதிய இரும்புப் படகு ஆசை. அதற்காக சுஹைலியை விற்கப் பார்த்தார். பணம் திரளவில்லை. வேறு வழியின்றி சுஹைலியிலேயே ஜூன் 14 அன்று ஃபால்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். வழியில் படகு ஒழுக ஆரம்பித்தது. நடுக்கடலில் நீருக்குள் மூழ்கி, பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, மேலே செப்புத் தகடு அடித்தார். ரேடியோ கெட்டது. நியூசிலாந்தைக் கடந்த பிறகு நாலு மாதத்துக்கு மேல் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே வீட்டாருக்குத் தெரியாது. 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைமுகத்துக்குத் திரும்பினார். புறப்பட்ட ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. வேகமான படகுகள் சில வழியிலேயே உடைந்தன. பரிசுப் பணம் 5,000 பவுண்டை, அந்தப் போட்டியில் கடலில் மறைந்துபோன டொனால்ட் குரோஹர்ஸ்ட்டின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. 1997இல் சுஹைலியை கிரீன்விச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பெரிய மரியாதைதான். ஆனால் உள்ளே இருந்த உலர்ந்த காற்றில் பலகைகள் சுருங்கத் தொடங்கின. மரப்படகு தண்ணீரில் ஊறியிருந்தால்தான் இடுக்குகள் இறுகும். கர்ஜிக்கும் நாற்பதுகளைத் தாங்கிய படகு, கூரைக்கடியில் பாதுகாப்பாக இருந்து கெட்டது! 2002இல் ராபின் அதை வெளியே எடுத்து, பல வருடம் பொறுமையாகப் பழுது பார்த்து மறுபடி கடலில் இறக்கினார். 50ஆம் ஆண்டு விழாவில் அந்தப் படகு அவர் கையிலேயே பாய் விரித்தது.

அந்த வடிவம் இந்தியாவுக்கும் திரும்பி வந்தது. 2018 போட்டிக்காக நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி அதே எரிக் வடிவில் கோவாவில் ‘துரியா’ கட்டினார். தென்னிந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகில் பலத்த அடி. மீட்டுக் கொண்டுவந்தார்கள். அவர் கரையில் உட்காரவில்லை. அடுத்த போட்டியில் வேறொரு படகில் போய், 2023இல் இரண்டாமவராக வந்தார்.

அன்று கேள்வி கேட்டவனுக்கு: தம்பி, உன் கேள்வி சரியான கேள்வி. “தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உன்னை உட்கார வைத்தது என் தவறு. நீ இதைப் படித்தால் ஒரு வரி எழுது. ஆசிரியர்களாக இருக்கும் மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று: எழுந்து நிற்கிற பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் புவியியல் சார்