காரிமங்கலம்–ஒகேனக்கல் நிலப்பகுதியின் நிலவியல்

தருமபுரி மாவட்டத்தில், கிருஷ்ணகிரி–தருமபுரி நெடுஞ்சாலையில் உள்ள காரிமங்கலம் தொடங்கித் தென்மேற்கே காவிரிக் கரையின் ஒகேனக்கல் வரை பரந்த பாறைநிலம். இதன் மேற்கு விளிம்பிலுள்ள மேலகிரிக் காடுகளில் ஒரு பகுதி காவிரி வடக்கு காட்டுயிர்ச் சரணாலயத்துக்குள் அடங்கும். வடக்கே கர்நாடகத்தின் பன்னேர்கட்டா தேசியப் பூங்காவோடு யானைகள் வந்துபோகும் தொடர்பு இந்தக் காடுகளுக்கு உண்டு.

அடித்தளப் பாறைகள் ஆர்க்கியன் காலத்தவை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இவை உருமாறின. பிற்காலத்தில் அந்த ஓடு சாய்ந்து உயர, மேற்பகுதி அரிப்பில் கரைந்தது. அதனால் வடக்கிலிருந்து தெற்கே செல்லச்செல்ல, ஒரு காலத்தில் மேலும் ஆழத்தில் கிடந்த பாறைகள் தரைக்கு வருகின்றன. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகள் ஏறத்தாழ 20 கி.மீ. ஆழத்திலும், தருமபுரிக்குத் தெற்கே உள்ளவை 25 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழத்திலும் இருந்தவை என்று கனிமங்களில் பதிவான அழுத்தத்தைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். காரிமங்கலம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பூமிக்குள் இறங்காமலேயே நிலத்தோட்டின் நடு அடுக்கிலிருந்து கீழடுக்கு வரை பார்த்துவிடக்கூடிய இத்தகைய நிலம் உலகில் அரிது.

இப்பகுதி பழைய சேலம் மாவட்டத்தில் இருந்தபோது, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆகிய இருவரும் அம்மாவட்டத்தின் பல பகுதிகளை ஆராய்ந்து 1864இல் அறிக்கை வெளியிட்டனர். தீர்த்தமலையின் இரும்புத்தாதுப் படுகைகள் அதில் இடம்பெற்றன.

தருமபுரிக்குத் தெற்கே தரைக்கு வரும் ஆழப் பாறையான சார்னோக்கைட்டின் பெயர் கொல்கத்தாவிலிருந்து வந்தது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் சென்னையின் பரங்கிமலை–பல்லாவரம் பக்கத்துப் பாறையை ஒத்திருப்பதைக் கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அதற்கு சார்னோக்கைட் என்று பெயரிட்டார். 1900இல் இப்பாறைத் தொகுதி பற்றி விரிவான நூலும் எழுதினார். பாறைக்குழம்பு இறுகி உருவானது இது என்பது அவர் கருத்து.

அக்கருத்தை அசைத்தவர் நிலவியலாளர் சி. எஸ். பிச்சமுத்து. கர்நாடகத்தின் கப்பால்துர்காவில், சாதாரண நைஸ் பாறை இருந்த இடத்திலேயே சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்த தடயத்தை அவர் 1960இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். புதிதாக உடைத்த கல்லில் இதைக் கண்ணாலேயே காணலாம். சாம்பல் நிற நைஸில் கருமைக்காவின் மெல்லிய பட்டைகள் வரிவரியாக ஓடி வரும். கரும்பச்சைத் திட்டு ஒன்றை நெருங்கியதும் வரிகள் மங்கி, திட்டுக்குள் கரைந்துவிடும். எல்லைக்கோடு இராது. மைக்காவும் குவார்ட்சும் வினைபுரிந்து, நீரை இழந்து, பைராக்சீன் கனிமம் பிறந்ததன் அடையாளம் அது.

நீரை விரட்டியது எது என்பதில்தான் நீண்ட விவாதம். ஆழத்திலிருந்து மேலெழுந்த கரியமில வாயுவே காரணம் என்று ராபர்ட் நியூட்டன், ஸ்மித், விண்ட்லி மூவரும் 1980இல் எழுதினர். அதன்பின் கிருஷ்ணகிரி–தருமபுரிப் பாதை, நியூட்டன், எட்வர்ட் ஹேன்சன் முதலானோரின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப இடம்பெற்றது. ஆனால் தெற்கே செல்லச்செல்லப் பாறைகளில் ரூபிடியம் குறைவதை விளக்க வாயு மட்டும் போதவில்லை. 1998இல் நியூட்டனும் உடன் ஆய்வாளர்களும் அடர்த்தியான உப்புநீருக்கும் பங்கு உண்டு என்றனர். பாறை ஓரளவு உருகியபோது நீர் அந்த உருகலோடு போயிருக்கலாம் என்போரும் உள்ளனர். இடத்துக்கு இடம் காரணம் வேறாகவும் இருக்கலாம்.

ஒகேனக்கல்லில் உள்ள, கார்பனேட் கனிமங்கள் மிகுந்த கார்பனடைட் பாறை சுமார் 240 கோடி ஆண்டுப் பழமையுடையது. உலகின் மிகப் பழைய கார்பனடைட்டுகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. காரிமங்கலத்துக்குக் கிழக்கே சாமல்பட்டியில் உள்ளது இதைவிட மிக இளையது. கறுப்பு கிரானைட் என்று விற்பனையாகும் டோலரைட், பழைய பாறைகளின் வெடிப்புகளில் சுவர்போல் ஏறி இறுகியது. கோண்ட்வானா பெருங்கண்டத்தின் பிளவு வரையிலான நெடுங்காலம் இங்கே பெரும்பாலும் அரிப்பின் காலம்.

காவிரி, ஒகேனக்கல்லை ஒட்டித் தெற்கே திரும்பி மேட்டூர் நோக்கிச் செல்வதற்குப் பாறைப் பிளவுகளே வழி வகுத்தன என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். முன்பு அது நேரே கிழக்கில் ஓடிப் பாலாற்றுச் சமவெளி வழியே கடலில் கலந்தது என்ற கருத்தும் உண்டு. அது இன்னும் விவாதத்துக்குரியது. அருவிப் பகுதியில், சுழலில் சிக்கிய கூழாங்கற்கள் பாறையைக் கடைந்து குழிகளாக்கியுள்ளன. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் ஆற்று வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே படிகிறது.

மேற்சுமை அகன்றதால் நைஸ் குன்றுகள் மேற்பரப்புக்கு இணையாக விரிசல் விட்டுப் பாளம் பாளமாகப் பெயரும். பெருங்கற்காலக் கல்லறைகளுக்கும் தருமபுரியின் புகழ்பெற்ற நடுகற்களுக்கும் ஏற்ற கல் இப்படிக் கிடைத்தது. வீரனின் உருவத்தையும் எழுத்தையும் தாங்கும் அளவுக்கு மெல்லிய, தட்டையான பலகைக்கல்லை இந்நிலம் தானே பிளந்து கொடுத்திருக்கிறது.

2014இல் 504.33 சதுர கி.மீ. பரப்பில் காவிரி வடக்கு சரணாலயமும், 2022இல் 686.406 சதுர கி.மீ. பரப்பில் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் காட்டுயிர்களின் வாழிடத்தை முன்வைத்தவை, பாறைகளை அல்ல. நைஸ் சார்னோக்கைட்டாக மாறும் தடயங்களை ஆய்வாளர்கள் பெரும்பாலும் கல்குவாரிகளின் வெட்டுமுகங்களிலேயே கண்டனர். பரங்கிமலையின் சார்னோக்கைட் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். தருமபுரியின் இந்த மாற்றப் பகுதிக்கு அத்தகுதி தரப்படவில்லை.