சாவகத்துக் கிரிசும் புத்திர மரபும்

மணிமேகலை கூறும் சாவகநாட்டை யாவாத் தீவாகக் கொள்வர் அறிஞர் பலர். அத்தீவினரின் சடங்குப் படைக்கலங்களுள் தலைசிறந்தது கிரிசு என்னும் குறுவாள். சிலவற்றின் அலகு நேரானது. ஏனையவற்றினது பாம்பின் நெளிவினை ஒத்தது. இரும்பையும் நிக்கல் கலந்த உலோகத்தையும் அடுக்கி மடித்து அடிப்பதால் அலகிலே பமோர் எனப்படும் கோலம் தோன்றும். பிரம்பானன் அருகே வீழ்ந்த விண்கல்லின் இரும்பும் இதற்குப் பயன்பட்டது. மேற்கு யாவாவிற் சுந்தானியர் போற்றும் குஜாங்கு, அரிவாளை நினைவூட்டும் வளைந்த வடிவினது.

கிரிசு செய்யும் கம்மியர் எம்பு எனப்பட்டனர். அவர்தம் தொழிலுக்கிருந்த மதிப்பினை, நடு யாவாவிலே சுக்கு என்னும் 15ஆம் நூற்றாண்டுக் கோயிலின் சிற்பம் ஒன்று காட்டும். அங்கே வீமன் உலைக்களத்திற் படைக்கலம் சமைக்கிறான். அருச்சுனன் துருத்தியை இயக்குகிறான். நடுவே விநாயகர் ஆடுகின்றார். கொல்லன் பட்டறை கோயிற் சிற்பத்தில் இடம்பெற்றமை கருதற்பாலது.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. மத்தாராம் அரசன் மூன்றாம் அமங்குராத்தை 1708இல் ஒல்லாந்தர் சிறைப்பிடித்து இலங்கைக்கு நாடு கடத்தினர். புசாக்கா எனப்படும் அரச குலப்பொருள்களும் அவனுடன் கடல் கடந்தன. அவனுக்குப்பின் ஆண்ட முதலாம் பாக்குபுவனன், இசுலாமியப் பெரியார் சுனான் காலிஜாகாவின் அடக்கத்தலமே யாவாவின் மெய்யான குலப்பொருள் என்று கூறித் தேறினான் என்பது மரபு. ஆயினும் அரண்மனை அவற்றை மறந்திலது. அமங்குராத்து 1734இல் இலங்கையிலேயே இறந்தான். 1737இல் குலப்பொருள்கள் யாவா மீண்டன.

அவை மீளாதிருந்தால் மரபும் அழிந்திருக்குமோ? இவ்வினாவுக்கு விடை கம்மியர் வழக்கிலேயே உளது. புகழ்பெற்ற குலக் கிரிசு ஒன்றைப் பின்பற்றிப் புதிதாய்ச் செய்ததனை அவர்கள் 'புத்ரன்' என்பர். நாம் புத்திரன் என வழங்கும் வடசொல்லே இதற்கும் அடி. போலி என்று இகழாது மகவு என்று ஏற்றனர். மகன் தந்தையின் சாயலைப் பெறுவான். ஆயினும் தன் காலத்திலே வாழ்வான்.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தொழில் பெரிதும் அருகிற்று. 1970களில் யோக்யகர்த்தாவின் கம்மியர் குடியிற் பிறந்த ஜெனோ ஹாரும்பிரோஜோ மீண்டும் உலை மூட்டினார். இந்தோனேசியா விடுதலையை அறிவித்த 1945க்குப் பின் எழுந்த கிரிசுகளைக் 'கமர்திக்கான்' என்பர். அவற்றுட் பழைய இலக்கணம் பேணுவனவும் உள. கலைஞர் தம் கற்பனையாற் புது வடிவம் தந்தனவும் உள. கிரிசுக் கலையை 2005இல் மானிட மரபுரிமையின் அரும்பொருளாக யுனெஸ்கோ அறிவித்தது.

புது வடிவங்கள் பழமைக்கு இழுக்கு என்பாரும் உளர். புத்ரன் என்னும் சொல்லைப் படைத்தோர் அங்ஙனம் அஞ்சவில்லை. பழைய கிரிசை அருங்காட்சியகம் காக்கலாம். அதனைச் செய்யும் அறிவு கைவழியே வருவது. இதனையுணர்ந்தே சுராகர்த்தாக் கலைக் கல்லூரியிற் கிரிசுத் தொழில் பாடமாக்கப்பட்டது. நம் கோயில்களுக்கு வேலும் சூலமும் செய்துதரும் கம்மியர்பால் நாம் கற்க வேண்டியனவும் பலவாம். அவற்றை எழுதிவைக்கும் பணியை நம் மாணவர் மேற்கொள்வாராக.